மயிலும் பீலியும்

நாரதர் கொண்டுவந்த மாங்கனியின் பொருட்டு உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட இரு பிள்ளைகளின் கதையைக் கேளாத குழந்தை நம் வீடுகளில் இல்லை. மூத்தவர் தாய் தந்தையரை வலம் வந்து கனியைப் பெற்றார். இளையவர் மயிலேறி மெய்யாகவே மண்ணுலகை வலம் வந்து, திரும்பியபோது கனி கைமாறியிருக்கக் கண்டு, சினந்து, பழனிக் குன்றில் போய் நின்றார். இக்கதையைச் சொல்லும் பெரியோர் மூத்தவருடைய ஞானத்தை வியந்து, பெற்றோரிடத்திலேயே பிரபஞ்சம் அடங்கியிருக்கிறது என்னும் தத்துவத்தைக் காட்டி முடிப்பார்கள். அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் பால்யத்தில் இதைக் கேட்ட நாள் முதலாக என் மனத்தில் ஒரு வினா தங்கிவிட்டது. அந்த இளைய பிள்ளை வழியில் என்னென்ன கண்டிருப்பான்? எத்தனை கடல்களையும் வனங்களையும் பெயர் தெரியாத பறவைகளையும் கண்டு, எத்தனை இடங்களில் மயிலை நிறுத்தி நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பான்? கனி அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உலகத்தைக் கண்டவன் அவன் ஒருவனே. அவனைத் தோற்றவன் என்று சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை.

வேடிக்கைக் கதையில் பிறந்த வினா எனினும், இது சமய விசாரத்துக்கு உரிய வினாவே. ஆசையை அறுக்க வேண்டும் என்று நம் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன; அப்படியானால், காணாததைக் காண வேண்டும், போகாத இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு குழந்தைக்கு எழும் ஆசையும் அறுக்கத்தக்கதுதானா? இதனோடு நம் காலம் இன்னொரு வினாவையும் சேர்த்துவிட்டது. ஒருவன் உலகத்தைச் சுற்றிவருவதனாலேயே உலகம் புகைந்தும் தேய்ந்தும் போகிறது என்றால், அவன் செய்வது பிரதக்ஷிணமா, அபசாரமா?

காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று காண்பதற்காக, ஒன்பதாம் பிராயத்தில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கரையோடு நடந்துபோய், பொழுது சாய்ந்த பின்னும் தலைமதகைக் காணாமல், தேடிவந்த பாட்டனாரின் கையில் அகப்பட்டேன். அவர் அடிக்கவில்லை. அரிக்கேன் விளக்கைத் தாழப் பிடித்துக்கொண்டு, 'கீழ பாத்து நட, வரப்பு முழுக்க நண்டு வளை' என்று மட்டும் சொன்னார். நண்டு என்னைக் கடித்துவிடும் என்று எச்சரிக்கிறார் என்றே அன்று எண்ணிக்கொண்டேன். பல்லாண்டுகள் கழித்துச் சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையைப் பயின்றபோதுதான், அந்த எச்சரிக்கை நண்டின் பொருட்டும் சொல்லப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது.

கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட வழியில், சமணத் துறவியாகிய கவுந்தியடிகளும் அவர்களுடன் செல்ல இசைகிறார். இசைந்தவர் உடனே எழுந்து நடந்துவிடவில்லை. வழியின் இடர்களையெல்லாம் எடுத்துரைக்கிறார். அந்த இடர்களில் கள்வர் இல்லை, புலியும் இல்லை. சோலை வழியே சென்றால் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியை உதிர்ந்த பூக்கள் மூடிக்கிடக்கும். அறியாமல் கால் வைத்தால் இடறும். வயல் வழியே சென்றால், களையாகப் பறித்துப் போட்ட குவளை மலர்களில் வண்டுகள் ஒட்டிக்கிடக்கும். நடந்த களைப்பில் அவற்றின் மேல் அடி வைத்துவிடக் கூடும். நீர்க்கரை வழியே நடந்தால், புள்ளிகளையுடைய நண்டும் நத்தையும் காலடியில் சிக்கி வருந்தும். அவ்வாறு நேர்ந்துவிட்டால் அத்துன்பம் தாங்க ஒண்ணாதது என்கிறார் அடிகள். கைப்பொருள் இழந்து, காற்சிலம்பை விற்றுப் பிழைக்கப் போகும் இருவரிடம், அவர்களுக்கு நேரப்போகும் துன்பத்தைச் சொல்லும் அதே மூச்சில், அவர்களால் நண்டுக்கு நேரக்கூடிய துன்பத்தையும் சொல்லும் ஒரு வழித்துணையை உலக இலக்கியத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை. இத்தனையும் சொன்னவர் பயணத்தை விலக்கவில்லை என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய விஷயம். பிக்ஷாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மயிற்பீலியைக் கையில் ஏந்தி, அவர்களோடு மதுரை வரையில் நடந்தே சென்றார். உலகைச் சுற்றிய பிள்ளைக்கு வாகனமான அதே பறவை, தானே உதிர்த்த இறகை இந்த மூதாட்டியின் கைக்குக் கொடுத்து, எறும்பை நோகாமல் ஒதுக்க உதவுகிறது.

பௌத்தத்திலும் இந்த விசாரம் நடந்திருக்கிறது. புத்தர் தம் முதற் சீடர் அறுபதின்மரையும் பலருடைய நன்மையின் பொருட்டு உலகெங்கும் செல்லுமாறும், இருவர் ஒரே வழியில் போகலாகாதென்றும் பணித்தார் என்று விநய பிடகம் கூறுகிறது. அதே பிடகம், அந்தப் பிக்ஷுக்கள் மழைக்காலத்திலும் ஓயாமல் திரிந்து இளம்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்றும், பறவைகள்கூட மாரியில் கூடு கட்டித் தங்குகின்றனவே என்றும் ஊரார் குறைகூறினர் என்றும், அது கேட்டுப் புத்தர் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதியை ஏற்படுத்தினார் என்றும் சொல்கிறது. போ என்றவரும் அவரே, நில் என்றவரும் அவரே. சாதாரணக் குடியானவர்கள் சொன்ன குறையைக் கேட்டு ஒரு பெரிய சங்கம் தன் நடையைத் திருத்திக்கொண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இனி நம் காலத்து மயிலேறி ஒருவரைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1958ஆம் ஆண்டு பிறந்த பெர்ட்ராண்ட் பிக்கார்ட், உலகைத் துருவிக் காண்பதையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனாராகிய ஒகுஸ்ட் பிக்கார்ட் என்னும் பௌதிகப் பேராசிரியர், விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராய்வதற்காக, காற்றுப் புகாத அலுமினிய உருண்டை ஒன்றைப் பெரிய பலூனில் கட்டித் தொங்கவிட்டு, அதனுள் ஒரு துணைவரோடு அமர்ந்து, 1931ஆம் ஆண்டு மே 27 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து 15,781 மீட்டர் உயரம் ஏறினார். ஏறுவதற்குப் பயன்பட்ட அறிவே இறங்குவதற்கும் பயன்படும் என்று கண்டு, ஆழ்கடலில் மூழ்கும் கலத்தையும் பின்னர் அமைத்தார். அக்கலங்களுள் ஒன்றாகிய 'திரியெஸ்தே'யில்தான் அவருடைய மகன் ழாக் பிக்கார்ட், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த டான் வால்ஷோடு, 1960ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று பசிபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தைத் தொட்டார்.

அந்தப் பயணத்தில் ஒரு கணத்தைச் சற்று அருகே சென்று நோக்க வேண்டும். இறங்குவதற்கு ஐந்து மணி நேரத்துக்குச் சிறிதே குறைவாக ஆயிற்று. 9,000 மீட்டருக்கும் கீழே, பெருஞ்சத்தத்தோடு ஜன்னல் தகடு ஒன்று விரிசலிட்டுக் கலம் முழுதும் அதிர்ந்தது. ஆயினும் இருவரும் பாதியில் திரும்பிவிடவில்லை. அடியைத் தொட்டபோது, சூரியன் தோன்றிய நாள் முதலாக ஒளியே படாத அந்தச் சேற்றில், விளக்கு வெளிச்சத்தில், தட்டையான ஓர் உயிர் மெல்ல நகர்ந்து சென்றதாக ழாக் பிக்கார்ட் எழுதினார். அது மீன்தானா, வேறு பிராணியா என்று பின்வந்த அறிஞர் ஐயுற்றனர். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அணுசக்திச் சாலைகளின் நச்சுக் கழிவை ஆழ்கடலின் அடியில் கொட்டிவிடலாம் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. ஒன்றுமே இல்லை என்று பலர் கருதிய இடத்துக்குச் சென்ற ஒருவர், அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்று வந்து சொன்னார். கவுந்தியடிகள் நீர்க்கரையில் நண்டைக் கண்ட கண்ணும் இந்தக் கண்ணும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. காணும் ஆசை அறுக்கத்தக்கதா என்ற முதல் வினாவுக்கு என் விடை இங்கேதான் கிடைக்கிறது. போய்ப் பார்த்தவனுக்கே, தன் காலடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். பாராதவனுக்கு அது வெறும் சேறு. ஆகையால், பற்றிக்கொள்ள விழையும் ஆசை வேறு, பார்க்க விழையும் ஆசை வேறு என்றும், பின்னதைத் துறவிகூடத் துறக்க வேண்டியதில்லை என்றும் நான் துணிந்து சொல்வேன்.

இத்தகைய வீட்டுப் பிள்ளையாகிய பெர்ட்ராண்டுக்குப் பதினொரு பிராயமாக இருந்தபோது, தந்தையார் 'பென் பிராங்க்ளின்' என்னும் நீர்மூழ்கிக் கலத்தைச் சித்தம் செய்துகொண்டிருந்த நிமித்தம், குடும்பம் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் குடியிருந்தது. 1969 ஜூலை 14 அன்று தந்தையார் ஐவரோடு கடலுக்குள் இறங்கினார்; வளைகுடா நீரோட்டம் என்னும் அந்தக் கடல்நதி இழுத்த இழுப்பிலேயே, பெரும்பாலும் பொறியை இயக்காமல், முப்பது நாள் மிதந்து செல்வது அவர் நோக்கம். இரண்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, அப்பல்லோ 11 சந்திரனை நோக்கி எழும்பியதைச் சிறுவன் கண்ணாரக் கண்டான். ஒரு பக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டு வானைப் பிளக்கும் யந்திரம். மறுபக்கம் நீரின் போக்குக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து மௌனமாக மிதக்கும் தந்தை. அந்த வாரத்தில் அவன் எதைக் கண்டு அதிகம் மயங்கினான் என்று கேட்டால், எந்தச் சிறுவனையும் போல ராக்கெட்டையே சொல்லியிருப்பான். ஆயினும், பின்னாளில் அவன் சென்ற வழி தந்தை மிதந்த வழியே.

வளர்ந்து மனநோய் மருத்துவரான பெர்ட்ராண்ட், 1999ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, தம் 41ஆவது பிறந்தநாளன்று, பிரயன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயரோடு பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 என்னும் பலூனில் ஆல்ப்ஸ் மலைச் சாரலிலிருந்து கிளம்பி, காற்று கொண்டுசென்ற வழியே உலகம் முழுவதையும் சுற்றி, 21ஆம் தேதி எகிப்தின் பாலைவனத்தில் இறங்கினார். எங்கும் நில்லாமல் பலூனில் உலகைச் சுற்றியவர்களில் அவ்விருவரே முதல்வர். ஊர்கள் கொண்டாடின. அவரோ ஒரு கணக்கையே நினைத்துக்கொண்டிருந்தார்: பலூனில் எரிப்பதற்கு எடுத்துச்சென்ற புரொப்பேன் வாயு 3.7 டன், இறங்கியபோது மிஞ்சியிருந்தது 40 கிலோ. காற்று நெடுந்தூரம் தாங்கியது உண்மையே. எனினும், கலத்தில் இருந்த வாயு தீர்ந்திருந்தால் சமுத்திரத்தின் நடுவே முடிந்திருக்கக் கூடிய வலம் அது. அடுத்த முறை எரிபொருளே இல்லாமல் உலகைச் சுற்றுவேன் என்று அப்போது அவர் சங்கற்பம் செய்துகொண்டார். வெற்றியின் நடுவில் பிறந்த இந்த மனக்குறையை ஒருவகை ஞானம் என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் சங்கற்பம் 'சோலார் இம்பல்ஸ்' விமானமாக உருப்பெறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. போர் விமானியாகப் பயின்ற பொறியியலாளர் ஆந்த்ரே போர்ஷ்பெர்க் அதற்குத் துணைவரானார். இறக்கைகளின் அகலம் 72 மீட்டர். பெரிய பயணி விமானங்களுக்கு ஒப்பான அகலம். எடையோ 2,300 கிலோ. ஒரு கனத்த மோட்டார் வண்டியின் எடை. மேற்பரப்பு முழுவதும் 17,248 சூரியத் தகடுகள். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிற்றறை. பகலெல்லாம் கதிரைப் பருகிக்கொண்டு 8,500 மீட்டர் வரை ஏறும். அஸ்தமனத்துக்குப் பின் விசையைத் தணித்துக்கொண்டு, ஏறிய உயரத்தையே சேமித்த செல்வமாகச் செலவழித்து, பல நாழிகை நேரம் மெல்லச் சறுக்கி 1,500 மீட்டருக்கு இறங்கும். அதன்பின் மின்கலங்களில் தேங்கியதைக் கொண்டு, விடியும்வரை அடக்கமாகப் பறக்கும். உதயத்தில் கீழ்வானம் சிவக்கும்போது கலங்களில் எஞ்சியிருப்பது சொற்பமே. சந்தியாவந்தனம் செய்கிறவர்கள்கூடச் சூரியனை இவ்வளவு கவலையோடும் நன்றியோடும் எதிர்பார்த்திருப்பார்களா என்று நான் எண்ணியதுண்டு. உள்ளே அமர்ந்திருப்பவர் பிராணவாயுக் கவசம் அணிந்து, குளிரையும் வெக்கையையும் தாங்கி, இருபது இருபது நிமிஷமாகவே உறங்க வேண்டும். போர்ஷ்பெர்க் அச்சிற்றறைக்குள் யோகாசனம் பயின்றார். ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கு, 2015 ஜூன் 28 முதல் ஜூலை 3 வரை, 117 மணி 52 நிமிஷம் தனியே பறந்தவர் அவர். அட்லாண்டிக் சமுத்திரத்தை நியூயார்க்கிலிருந்து ஸ்பெயின் நாட்டின் செவில் வரை 71 மணி நேரத்தில் கடந்தவர் பிக்கார்ட். 2015 மார்ச் 9 அன்று அபுதாபியில் புறப்பட்ட அவ்விமானம், நம் அகமதாபாத்திலும் காசியிலும் இறங்கி ஏறி, 17 கட்டங்களில் ஏறத்தாழ 43,000 கிலோமீட்டர் சென்று, 2016 ஜூலை 26 அன்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு சொட்டு எரிபொருளும் அதில் ஊற்றப்படவில்லை. நடுவில் மின்கலங்கள் அளவு மீறிச் சூடேறிப் பழுதானதால், ஒன்பது மாதங்களுக்கு மேல் ஹவாயில் காத்திருக்க நேர்ந்தது. மாரிக்காலத்தில் பிக்ஷுக்கள் தங்கியதுபோல அவர்களும் தங்கினார்கள்.

இவ்விடத்தில் நேர்மையுள்ள வாசகர் ஒருவர் தடை எழுப்புவார்; எழுப்ப வேண்டும். அந்த விமானத்துக்குத் துணையாகச் சென்ற பணியாளர்களும் கருவிகளும் சாதாரண விமானங்களில்தானே சென்றார்கள்? சூரியத் தகட்டையும் மின்கலத்தையும் செய்வதற்கு எங்கோ மண்ணைத் தோண்டினார்கள் அல்லவா? ஒருவர் பறப்பதற்கு இத்தனை கோடி செலவு தகுமா? இத்தடைகள் யாவும் மெய்யே. முழுமையான அஹிம்சை எனில் இது அன்று.

ஆனால் முழுமையான அஹிம்சை எது என்று சமணத்தையே கேட்போம். மூச்சு விடுவதிலும் நீர் அருந்துவதிலும்கூட உயிர்க்கொலை நேர்கிறது என்று வேறெவரையும்விட நுட்பமாக உணர்ந்த சமயம் அது. ஆகவேதான் உமாசுவாதி, தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிரைப் பிரிப்பதையே ஹிம்சை என்று வரையறுத்தார். பிரமாதம் என்னும் சொல்லுக்கு நாம் இன்று 'வெகு சிறப்பு' என்று பொருள்கொள்கிறோம். அவருக்கு அது அஜாக்கிரதை. நடக்கும் துறவி நுகத்தடி அளவு தூரம் முன்னே தரையை நோக்கி அடி வைக்க வேண்டும் என்னும் ஈர்யா சமிதி விதியும் இதன்பாற்பட்டதே. குற்றமே நேராத நடை மனிதனுக்கு இல்லை. கண்ணை விழித்துக்கொண்டு நடக்கும் நடை இருக்கிறது. இதை ஒரு தப்பும் வழி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கோ, இது எல்லாவற்றிலும் கடினமான வழியாகத் தோன்றுகிறது. 'கொல்லவே மாட்டேன்' என்று ஒரு நாள் சூளுரைத்துவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஒவ்வோர் அடியிலும் கீழே பார்ப்பதற்கோ ஓய்வு என்பதே கிடையாது. 40 கிலோ மிச்சத்தைப் பார்த்த பெர்ட்ராண்ட் பிக்கார்டும் கீழே பார்த்தவரே.

விமானமும் வேண்டாம் என்பவர்க்கு இன்னொரு நெறியும் உண்டு. ராஜஸ்தானத்தில் பிறந்து, ஒன்பதாம் பிராயத்தில் சமணத் துறவு பூண்டு, பதினெட்டாம் பிராயத்தில் அதைவிட்டு விநோபாவின் இயக்கத்தில் சேர்ந்த சதீஷ் குமார், 1962ஆம் ஆண்டு, தோழர் மேனனோடு, கையில் காசில்லாமல் தில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து கிளம்பி, பாகிஸ்தானம், ஆப்கானிஸ்தானம், பாரசீகம் வழியே மாஸ்கோ வரையிலும் அப்பால் பாரிஸ் வரையிலும் நடந்து, லண்டனையும் வாஷிங்டனையும் அடைந்தார். அணுகுண்டுக்கு எதிரான நடை அது. கருங்கடலை அடுத்த தேயிலைச் சாலை ஒன்றின் பெண் தொழிலாளர், அணுகுண்டு வைத்திருந்த நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி நான்கு தேயிலைப் பொட்டலங்களை அவர்களிடம் தந்தனுப்பினார்கள். அழிக்கும் பொத்தானை அழுத்தத் தோன்றினால், முதலில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு யோசியுங்கள் என்பது அப்பெண்களின் செய்தி. அட்லாண்டிக் சமுத்திரத்தை அவர்களாலும் நடந்து கடக்க முடியவில்லை, கப்பலேறினார்கள். அதனால் அந்த நடை எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

தந்தை பிக்கார்டை நீரோட்டம் சுமந்தது. மகனைக் காற்றும், பின்னர்ச் சூரியனும் சுமந்தன. சதீஷ் குமாரை வழிநெடுக முன்பின் அறியாத மனிதர்களின் சோறு சுமந்தது. உலகத்தை வென்றுவிட வேண்டும் என்று போகிறவன் தன் விசையைத் தானே கட்டிச் சுமந்துபோக வேண்டியிருக்கிறது. உலகத்தைக் காணப் போகிறவனை உலகமே சுமக்கிறது. புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார், எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட அதே பாட்டில், பேராற்று நீர்ப்பெருக்கில் மிதந்துபோகும் புணையைக் காட்டியது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன். முதலடியை மேடைதோறும் முழங்குகிற நாம், அந்தப் புணையை ஏன் மறந்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறந்ததன் விளைவை நம் மலைக்கோயில்களின் வழியெங்கும் காண்கிறோம். காலால் மிதிக்கத் தகாத இடம் என்று அஞ்சிக் காரைக்காலம்மையார் கைலாயத்துக்குத் தலையாலே நடந்து போனார் என்று பெரியபுராணத்தில் உருகிப் படித்துவிட்டு, அந்த ஈசன் உறையும் மலையில் நெகிழிப் புட்டிகளையும் பைகளையும் எறிந்துவிட்டு இறங்குகிறோம். யாத்திரை போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள், வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பிள்ளை கேட்டால் தலைமதகு வரையில் நடத்தியே கூட்டிச்செல்லுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் நண்டையும் நத்தையையும் சொல்லும் அந்தச் சில அடிகளை மட்டும் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.